அணையும் அதன் காவலும்

நந்திமலைப் பகுதியில் தோன்றும் ஆறு ஒன்று தெற்கு நோக்கி நடந்து, ஓசூருக்கு அண்மையில் தமிழ்நாட்டின் எல்லையைக் கடக்கின்றது. கருநாடக மக்கள் அதனைத் தட்சிண பினாகினி என வழங்குவர்; தமிழ் மக்கள் தென்பெண்ணை என்பர். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய மாவட்டங்களின் நிலங்களைத் தொட்டு ஓடி, கடலூருக்கு அருகே அது வங்கக் கடலிற் கலக்கின்றது. பல மாதங்கள் நிறைந்தோடும் பேறு இவ்வாற்றுக்கு இல்லை. மழை பெய்தால் இரு கரையும் புரளப் பெருகும். மழை ஓய்ந்த சில திங்களில் மணல் வெளுத்துக் கிடக்கும். பெருகும்போது வீணாகி, வேண்டும்போது இல்லாது போகும் ஆற்றை என்செய்வது? இவ்வினாவுக்கு மக்கள் கண்ட விடையே அணை.

தென்பெண்ணையின் குறுக்கே தமிழ்நாட்டில் மூன்று அணைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணை முதலாவது. கிருஷ்ணகிரி நகருக்கு அண்மையில் உள்ளது இரண்டாவது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணை மூன்றாவது. இவற்றுள் நடுவே நிற்கும் கிருஷ்ணகிரி அணையின் வரலாறு, அணை எதற்கு என்பதையும், அதனைக் காப்பது எவ்வாறு என்பதையும் ஒருங்கே உணர்த்த வல்லது.

அணையின் பயன்

கிருஷ்ணகிரி அணை, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் எழுப்பப்பட்டு, 1958ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வருகின்றது. நாடு விடுதலை பெற்ற புதிதில் உணவுப் பஞ்சத்தை ஓட்டுதல் பெருங்கடமையாக இருந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களின் வாயிலாக நாடெங்கும் அணைகள் எழுந்தன. அவ்வரிசையில் இதுவும் ஒன்று. இதில் நீரை 52 அடி உயரம் வரை தேக்கலாம். மிகுதியான நீரை வெளியேற்ற 8 பெரிய மதகுகள் அமைந்துள்ளன. இடப்புறமும் வலப்புறமும் பிரியும் கால்வாய்களால் ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பாசனம் பெறுகின்றது. அணைக்குக் கீழே ஆற்றில் செல்லும் நீர், நெடுங்கல் அணைக்கட்டின் வழியே பாரூர்ப் பெரிய ஏரியையும் சென்று நிரப்புகின்றது.

கால்வாய் பாயும் வயலுக்கு மட்டுமே அணை பயன்படுகின்றது என்று எண்ணலாகாது. நீர் தேங்கி நிற்கும்போது சுற்றுப்புறத்துக் கிணறுகளில் ஊற்றுச் சுரக்கின்றது. கால்வாயே இல்லாத மேட்டு நிலத்து மாந்தோப்பும் தென்னந்தோப்பும் அவ்வூற்றினால் வாழ்கின்றன. மீன்பிடிப்போர் குடும்பங்கள் அணைநீரை நம்பியிருக்கின்றன. அணை வற்றினால் நெல் விளையாது என்பதோடு நில்லாது, அப்பகுதியின் வாழ்வு முழுவதுமே சுருங்கிவிடும்.

சில அணைகள் மின்னாற்றலையும் தருகின்றன. உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர், சுழலி எனப்படும் டர்பைனின் இதழ்களைத் தாக்கி அதனைச் சுழற்றும். சுழலியோடு இணைந்த மின்னாக்கி மின்சாரத்தைப் பிறப்பிக்கும். வேலை முடித்த நீர் குறைவின்றி வெளிவந்து மீண்டும் வயலுக்குச் செல்லும். ஆதலின் நீர்மின் திட்டத்தில் ஒரே நீர் இருமுறை ஊழியம் செய்கின்றது எனலாம். கிருஷ்ணகிரி மாவட்ட எல்லைக்கு அப்பால் உள்ள கோலார் தங்கவயலுக்கு, 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது. ஆனால், கோடையில் அருவி மெலிந்தபோது மின்சாரமும் மெலிந்தது. அக்குறையைப் போக்குதலும், 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. தமிழ்நாட்டில் 1934இல் முடிந்த மேட்டூர் அணையில் 1937 முதல் மின்சாரம் எடுக்கப்படுகின்றது. தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலும் சிறியதொரு நீர்மின் நிலையம் உண்டு.

நெல்லுக்காயினும் மின்சாரத்துக்காயினும், அணையின் பயன் ஒரு சொல்லில் அடங்கும். அது தேக்கம். தேக்கி வைக்கும் ஆற்றல் உள்ளவரையே அணை அணையாகும். அவ்வாற்றல் எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதை 2017ஆம் ஆண்டு காட்டிற்று.

2017இல் நிகழ்ந்தது

2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பருவமழை பெரிதும் பொய்த்தது. அடுத்த ஆண்டு மழை மனமிரங்கிற்று. கருநாடகப் பகுதியிலும் ஓசூர்ப் பகுதியிலும் பெய்த மழையால் கிருஷ்ணகிரி அணை நிறைந்து, நீர்மட்டம் 52 அடியை நெருங்கி நின்றது. அடுத்த போகத்துக்கு நீர் உண்டு என்று உழவர் உள்ளம் மகிழ்ந்தனர். அந்நிலையில், 2017 நவம்பர் 29ஆம் நாள், எட்டு மதகுகளுள் முதல் மதகின் இரும்புக் கதவு உடைந்தது. மழை மிகுந்து கரை உடையவில்லை; நிலம் நடுங்கி மதில் பிளக்கவில்லை. அறுபது ஆண்டு நீரிலும் வெயிலிலும் நின்ற கதவு ஒன்றே வலியிழந்தது.

உடைந்த வாயில் வழியே நீர் சீறிப் பாய்ந்தது. தென்பெண்ணைக் கரையில் உள்ள கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பொறியாளர்களுக்கு அப்போது எதிர்ப்பட்ட இக்கட்டு எளியதன்று. பாயும் நீரில் புதுக்கதவு பொருத்துதல் இயலாது. ஆதலின் மதகின் அடிமட்டத்துக்கு நீர் தாழும்வரை காத்திருக்க வேண்டும். விரைவில் தாழ வேண்டுமாயின் ஏனைய மதகுகளையும் திறக்க வேண்டும். நீரைக் காப்பதற்கென்றே கட்டிய அணையில், அணையைக் காப்பதற்காக நீரைக் கைவிட நேர்ந்தது! ஓராண்டு வறட்சிக்குப்பின் தேங்கிய நீரில் பெரும்பகுதி, சில நாள்களில் ஆற்று வழியே இறங்கிப் போயிற்று. கரையில் நின்று அதனைக் கண்ட உழவர்க்கு, கதிர் முற்றிய வயலில் தீப்பற்றியதை ஒத்த துயரம் அது.

பின்னர் முதல் மதகுக்குப் புதிய கதவு பொருத்தப்பட்டது. எஞ்சிய ஏழு கதவுகளும் அதே வயதினவே. அதே நீரில் நின்றவையே. ஒன்று உடைந்தபின் மற்றவற்றை நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது என்பது உணரப்பட்டு, அவையும் படிப்படியாக மாற்றப்பட்டன.

கதவின்மேல் நிற்கும் சுமை

ஒரு மதகின் கதவு எத்துணைச் சுமையைத் தாங்குகின்றது என்பதை அறிந்தாலன்றி, இந்நிகழ்ச்சியின் பொருள் விளங்காது. ஒரு கனமீட்டர் நீர் ஆயிரம் கிலோகிராம், அஃதாவது ஒரு டன் எடையுடையது. நீர் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் அழுத்தும். ஆழம் மிகமிக அவ்வழுத்தமும் மிகும். பன்னிரண்டு மீட்டர் அகலமும் ஆறு மீட்டர் உயரமும் உள்ள ஒரு கதவின் மேல்விளிம்பு வரை நீர் நிற்கின்றது எனக் கொள்க. மேல்விளிம்பில் அழுத்தம் இல்லை; அடிவிளிம்பில் சதுர மீட்டருக்கு ஆறு டன். சராசரி மூன்று டன். கதவின் பரப்பு எழுபத்திரண்டு சதுர மீட்டர். ஆகவே அக்கதவைத் தள்ளும் மொத்த விசை இருநூற்றுப் பதினாறு டன் ஆகின்றது. முப்பது நாற்பது யானைகளின் எடைக்கு ஒப்பான இவ்விசை, இரவும் பகலும் ஓயாது கதவின்மேல் நின்று தள்ளுகின்றது.

அழுத்தம் அடியில் மிகுதி என்பதை ஈண்டு மறக்கலாகாது. துரு ஏறுவதும் பெரும்பாலும் நீரில் மூழ்கிய அடிப்பகுதியிலேயே. எவ்விடத்தில் சுமை மிகுதியோ அவ்விடத்திலேயே கண்ணுக்குத் தெரியாத தேய்வும் மிகுதி. மேலே நின்று நோக்குவோர்க்குக் கதவு வண்ணம் பூசி அழகாய்த் தோன்றலாம். நீருக்குள் அதன் தகடு மெலிந்திருக்கலாம். மூழ்குவோரை அனுப்பியும் கருவிகளைக் கொண்டும் தகட்டின் கனத்தை அளந்து பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது.

மூப்பின் அடையாளங்கள்

மனிதர்க்கு மூப்பு வருவது போல அணைக்கும் மூப்பு வரும். அதன் அடையாளங்கள் பல. இரும்பால் ஆகிய கதவும் சங்கிலியும் கம்பிவடமும் துருவேறித் தேயும். கதவின் ஓரங்களில் நீர் கசியாமல் இருக்கப் பதிக்கும் ரப்பர் பட்டைகள் இறுகி வெடிக்கும். கல்லும் காரையும் கொண்டு கட்டிய சுவரில், காரையின் சுண்ணம் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். சுவரின் பின்புறம் வெள்ளைப் படலம் படிந்திருத்தல் அதற்கு அடையாளம். மண்கரையில் மரம் முளைத்தால் அதன் வேர் உள்ளே துளைத்துச் செல்லும். மரம் பட்டு வேர் மக்கினால் அத்துளை நீருக்கு வழியாகும். எலி வளையும் கறையான் புற்றும் அத்தகையனவே. ஆற்றோடு வரும் வண்டல் நீர்த்தேக்கத்தின் அடியில் ஆண்டுதோறும் படிந்து, நீர் நிற்க வேண்டிய இடத்தைத் தான் கைக்கொள்ளும்.

கசிவைக் கண்டதும் அஞ்சுதல் வேண்டா. கசியாத அணை உலகில் இல்லை. அளவோடு, தெளிந்த நீராகக் கசிதல் இயல்பு. கசிவின் அளவு திடீரெனப் பெருகினாலும், தெளிந்த நீர் கலங்கி மண்ணோடு வந்தாலும், உள்ளே கரை அரிக்கப்படுகின்றது என்று உணர்தல் வேண்டும். ஆதலினாலேயே அணைகளில் கசிவுநீரை நாள்தோறும் அளந்து ஏட்டிற் பதிவர். அவ்வேடு, மருத்துவர் நோயாளியின் நாடியைக் குறித்து வைக்கும் ஏட்டினை ஒக்கும். நேற்றைய அளவு தெரிந்தாலன்றி இன்றைய அளவு மிகுதியா குறைவா என எங்ஙனம் அறிவது?

மூப்பு என்பது முடிவு அன்று. கரிகாலன் பெயரோடு விளங்கும் கல்லணை, பல நூற்றாண்டுகளாகப் பழுது பார்க்கப்பட்டும் திருத்தப்பட்டும் இன்றும் காவிரி நீரைப் பகிர்ந்தளிக்கின்றது. அதற்கு மேற்கே முக்கொம்பில் 1836இல் கட்டப்பட்ட கொள்ளிடம் மேலணையில், 2018 ஆகஸ்டுத் திங்களில் பெருவெள்ளம் சென்றபோது ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. கல்லணையும் மேலணையும் ஒரே ஆற்றுத் தொகுதியில் அடுத்தடுத்து நிற்பவை. அணையின் ஆயுளை அதன் வயது மட்டும் அறுதியிடுவதில்லை. அதன் அமைப்பும், அதற்கு வாய்த்த காவலுமே அறுதியிடுகின்றன.

பிறவிடத்து நிகழ்ச்சிகள்

கிருஷ்ணகிரியில் நிகழ்ந்தது தனி நிகழ்ச்சி அன்று. கருநாடகத்தில் ஹொசபேட்டைக்கு அருகே உள்ள துங்கபத்திரை அணை 1953இல் முடிந்தது. பாசனமும் மின்சாரமும் தரும் அவ்வணையில் 33 மதகுகள் உண்டு. நூறு டி.எம்.சி.க்கு மேல் நீர் கொள்ளும் அப்பெருந்தேக்கம் நிறைந்திருந்த காலத்தில், 2024 ஆகஸ்டு 10ஆம் நாள் இரவு, 19ஆம் மதகின் சங்கிலி அறுந்து கதவு வெள்ளத்தோடு போயிற்று. அணையின் மீது அழுத்தத்தைக் குறைக்க ஏனைய மதகுகள் திறக்கப்பட்டன. மதகுக் கதவுகளில் பழுத்த அனுபவமுடைய கண்ணையா நாயுடு என்னும் பொறியாளரின் வழிகாட்டலில், இரும்புத் தடுப்புப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ஒரு வார காலத்தில் அவ்வாயிலை அடைத்தனர். பாயும் நீரினூடே செய்த அவ்வரிய செயலால், எஞ்சிய நீர் உழவர்க்குக் கிட்டிற்று. ஒரு சங்கிலியின் தேய்வு பல்லாயிரம் உழவரின் போகத்தைத் தராசுத் தட்டில் வைத்தது என்பதை எண்ணுதல் வேண்டும்.

இவ்விரு இடத்தும் இழந்தது நீர். இதனினும் கொடிய இழப்பும் உண்டு. குசராத்து மாநிலத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை, 1979 ஆகஸ்டு 11ஆம் நாள் பெருமழையில் உடைந்தது. மதகுகள் வெளியேற்ற வல்ல அளவுக்கு மேல் வெள்ளம் வந்து, மண்கரையின் மீது வழிந்து கரையை அரித்தது. கீழே இருந்த மோர்பி நகரம் அழிந்தது, ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். கட்டும்போது கணித்த வெள்ளத்தினும் மிகுதியான வெள்ளம் பிற்காலத்தில் வரக்கூடும் என்பதும், பழைய அணைகளின் கணக்கை மீண்டும் மீண்டும் ஆராய வேண்டும் என்பதும் அத்துயர நிகழ்ச்சி கற்பித்த பாடம்.

நிறைப்பதா, குறைப்பதா?

அணையைக் காப்போர்க்கு ஆண்டுதோறும் எதிர்ப்படும் வினா ஒன்று உண்டு. மழைக்காலத்தின் இடையில் அணையை நிறைத்து வைப்பதா, சிறிது குறைத்து வைப்பதா? நிறைத்து வைத்தல் உழவர்க்கு நலம், மின்சாரத்துக்கும் நலம். ஆயின், நிறைந்த அணையில் புதுவெள்ளம் வந்தால் அதனை அப்படியே வெளியேற்ற நேரும். அது கீழுள்ள ஊர்களை மூழ்கடிக்கும். குறைத்து வைத்தால் வெள்ளத்துக்கு இடம் கிடைக்கும். மழை பொய்த்தாலோ கோடையில் நீருக்கு ஏங்க நேரும். இரு பக்கமும் நியாயம் இருத்தலின், இவ்வினாவுக்கு ஒரே விடை எக்காலத்துக்கும் பொருந்துவதில்லை.

2024ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின் மழை கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பெய்தது. அவ்வெள்ளமும் பிற ஓடைகளின் வெள்ளமும் தென்பெண்ணையிற் சேர்ந்து சாத்தனூர் அணையை நோக்கி விரைந்தன. அங்கிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கனஅடிக்கு மேற்பட்ட நீரைத் திறந்துவிட நேர்ந்தது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோரத்து ஊர்கள் வெள்ளத்துள் ஆழ்ந்தன. பெருவெள்ளம் முழுவதையும் விழுங்கிக்கொள்ளும் அணை இல்லை. அணையால் இயல்வது, வெள்ளத்தின் வேகத்தைச் சிறிது தணிப்பதும், கீழுள்ளோர்க்குக் காலம் ஈட்டித் தருவதுமே. அவ்வாறு ஈட்டிய காலம் எச்சரிக்கையாக மாறி, நள்ளிரவிலும் கடைசிக் குடிசை வரை சென்று சேர்ந்தாலன்றிப் பயனில்லை. ஆதலின், மேலே மழையை அளக்கும் கருவியும், கீழே செய்தியை உரைக்கும் தண்டோராவும் அணையின் உறுப்புகளே ஆகும்.

முன்னோர் காத்த முறை

நீர்நிலையைக் கட்டுதல் ஓர் அறம். காத்தல் மற்றோர் அறம் என்பது தமிழ் மக்கள் பண்டே அறிந்த உண்மை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊராட்சியை நடத்தக் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று என அவை தெரிவிக்கின்றன. ஏரியைப் பேணுதலே அவ்வாரியப் பெருமக்களின் பணி. ஏரியின் பராமரிப்புக்கென ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. அந்நிலத்தின் வருவாய் வேறு எதற்கும் செல்லாது. கரைக்கு மண் இடவும் தூர் எடுக்கவும் மதகைச் செப்பனிடவுமே செல்லும். ஏரி கட்டுவோர், அதனைப் பழுது பார்க்கும் செலவுக்கும் முதல்நாளே வழி வகுத்தனர் என்பது இதனாற் புலப்படும்.

பிற்காலத்தில் குடிமராமத்து என்னும் முறை வழங்கிற்று. மழைக்கு முன்னர், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையும் கொண்டு வந்து கால்வாயைத் தூர்வாருவர். கரையில் முளைத்த செடிகளைக் களைவர். நீர் பாய்ச்சும் ஒவ்வொருவரும் தம் கைப்பட உழைத்தமையால், கரையின் எவ்விடம் மெலிந்தது என்பதை ஊர் முழுவதும் அறிந்திருந்தது.

இன்றைய பேரணைகளைச் சட்டம் காக்கின்றது. நாட்டில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பேரணைகள் உண்டு. அவற்றைக் காக்க 2021ஆம் ஆண்டில் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பதினைந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளும், பத்து முதல் பதினைந்து மீட்டர் உயரமுள்ளவற்றுள் சிலவும் இச்சட்டத்துள் அடங்கும். பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையை ஆராய்தல், பேரிடர் நேரின் செய்ய வேண்டுவனவற்றை முன்னரே வகுத்து எழுதி வைத்தல், வல்லுநர் குழுவைக் கொண்டு முழுமையாக மதிப்பிடுதல் ஆகியவை அணை உடையார்க்குக் கடமைகளாக விதிக்கப்பட்டுள்ளன. இவற்றை மேற்பார்க்க நடுவண் அளவிலும் மாநில அளவிலும் குழுக்களும் அமைப்புகளும் உண்டு. ஏரி வாரியம் செய்த பணியையே இச்சட்டம் பெரிய அளவில் மேற்கொண்டுள்ளது எனலாம்.

ஆயினும் சட்டம் தானே சென்று சங்கிலிக்கு எண்ணெய் இடாது. புதிய அணைக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் மக்கள் திரள்வர். பழைய அணையின் ரப்பர்ப் பட்டையை மாற்றும் நாளில் ஒருவரும் வாரார். செப்பனிடும் பணிக்குப் புகழ் இல்லை. அது செவ்வனே நிகழ்ந்தால் ஒன்றும் நிகழாது; ஒன்றும் நிகழாமையே அதன் வெற்றி. அதனாலேயே, செலவைச் சுருக்க வேண்டிய ஆண்டில் முதலில் ஒத்திவைக்கப்படுவதும் அப்பணியாகிவிடுகின்றது. இத்தகைய ஒத்திவைப்பின் விலை, சேமித்த பணத்தினும் பன்மடங்கு பெரிது.

நீரையும் காத்தல்

சுவரும் கதவும் உறுதியாக நின்றாலும், தேங்கிய நீர் கெட்டுவிட்டால் அணையின் பயன் கெட்டதேயாம். ஓசூர் இன்று பெருந்தொழில் நகரம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அங்குத் தொடங்கியது முதல், ஆலைகளும் மக்களும் பெருகியுள்ளனர். எல்லைக்கு அப்பால் பெங்களூர் மாநகரம் பரந்துள்ளது. நகரங்களின் கழிவுநீர் தென்பெண்ணையிற் கலத்தலால், கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறக்கும் நீர் பல ஆண்டுகளில் நுரை பொங்கி வருவதை மக்கள் கண்டுள்ளனர். வெண்பஞ்சு போலத் தோன்றும் அந்நுரை, காண்பதற்கு வியப்பாயினும் வயலுக்கு நன்மை பயப்பதன்று. ஒரு மாநிலத்தில் அழுக்காகும் நீர் மற்றொரு மாநிலத்தின் வயலில் பாய்கின்றது. ஓசூரில் கலக்கும் கழிவு கிருஷ்ணகிரி அணையில் சென்று தங்குகின்றது. ஆற்றுக்கு எல்லைக் கோடு தெரியாது. ஆதலின் ஆற்றைக் காக்கும் கடமையும் எல்லைக் கோட்டோடு முடிவதில்லை.

முடிவுரை

அணையைப் பாதுகாத்தல் ஒன்று, பயன்படுத்துதல் மற்றொன்று எனப் பிரித்துப் பேசுவர். கிருஷ்ணகிரியின் வரலாறு அப்பிரிவு பொருந்தாது எனக் காட்டுகின்றது. 2017இல் கதவு உடைந்த அன்றே உழவரின் நீரும் போயிற்று. கதவுகள் புதியனவான பின்னரே 52 அடி நீரை அச்சமின்றித் தேக்க இயன்றது. காவல் இல்லாத அணையால் பயன் இல்லை. பயனைக் கருதுவோர் காவலை ஒத்திவைத்தல் ஆகாது.

அக்காவலர் யாவர்? கணக்கிடும் பொறியாளர் ஒருவர். நாள்தோறும் நீர்மட்டத்தையும் கசிவையும் குறிக்கும் பணியாளர் ஒருவர். கரையில் மண் சரிந்ததைக் கண்டதும் ஊர்ச் சாவடிக்கு ஓடிவந்து சொல்லும் ஆடு மேய்ப்பவர் ஒருவர். செப்பனிடும் செலவை வீண்செலவு என்னாது ஒப்பும் குடிமக்களும் காவலரே. தாத்தா தலைமுறையினர் கல்லும் மண்ணும் சுமந்து கட்டித் தந்த அணையைப் பேரர் தலைமுறையினர் வெறுமனே நுகர்ந்தால், அது கடனைத் திருப்பாமல் உண்பதாகும். மதகின் கதவை மாற்றியும், கரையின் செடியைக் களைந்தும், ஆற்றின் நீரைத் தூய்மையாக வைத்தும் பின்வருவோர் கையில் அதனைச் சேர்த்தலே அக்கடனைத் தீர்க்கும் வழி.

பயிற்சி

1. தென்பெண்ணை ஆற்றின் போக்கையும் அதன் மீதுள்ள அணைகளையும் விளக்குக.

2. ‘நீர்மின் திட்டத்தில் ஒரே நீர் இருமுறை ஊழியம் செய்கின்றது’ – இத்தொடரின் பொருளைத் தெளிவாக்குக.

3. 2017ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி அணையில் நீரைக் கைவிட நேர்ந்தது ஏன்?

4. எட்டு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள மதகுக் கதவின் மேல்விளிம்பு வரை நீர் நின்றால், அதனைத் தள்ளும் மொத்த விசை எத்துணை டன் எனக் கணக்கிடுக.

5. ஏரி வாரியத்தின் பணிகளையும் அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

6. உங்கள் ஊரில் உள்ள ஏரி அல்லது அணையின் கரை, மதகு, கால்வாய் ஆகியவற்றைப் பெரியோர் துணையுடன் பார்வையிட்டு, கண்டவற்றை ஒரு கட்டுரையாக வரைக.